கட்டைவிரல் மேடு

தொலைநோக்கிக்காக அமலன் வீட்டிலேயே தேய்த்துக்கொண்டிருந்த வட்டக் கண்ணாடி, அவன் இறந்தபோது கிட்டத்தட்ட முடிந்திருந்தது. மீதி வேலையை முடிக்க அவன் தம்பி ராயன் வந்தான். நடுப்பகலிலேயே ஜன்னல்களை அடைத்து, கண்ணாடியைச் சுவரோரம் நிறுத்தி, எதிரே உட்கார்ந்து ஒரு சின்ன விளக்கின் ஒளியை அதில் படவிட்டான். திரும்பி வரும் ஒளியை பிளேடின் விளிம்பால் பாதி மறைத்துப் பார்த்தால், கைக்குத் தட்டுப்படாத மேடுபள்ளம்கூட நிலாவின் தரைபோலத் தெரியும். ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மேடு தெரிந்தது.

“கண்ணாடியத் தொட்டீங்களா அண்ணி?”

“அவர் போனதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகல,” என்றாள் அமலனின் மனைவி ஜெசிந்தா.

“விரல் சூடு பட்டா அந்த இடம் லேசா வீங்கிக்கும். அண்ணன் தொட்டுத் தொட்டுக் காட்டுவாரு. கையை எடுத்தா பத்து நிமிஷத்துல அடங்கிரும்.”

காத்திருந்தார்கள். ஜெசிந்தா போட்டுக்கொடுத்த காபியும் ஆறிப்போனது. மேடு அப்படியே இருந்தது.

“தேய்க்கும்போது விட்ட பிழையா இருக்கும். இழைச்சா போயிரும்,” என்று ராயன் பாலிஷ் பொடியைக் குழைக்கத் தொடங்கினான்.

ஜெசிந்தா அவன் இடத்தில் உட்கார்ந்து, பிளேடின் ஓரமாக வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கும்போது அமலன் எப்போதும் பிடிக்கிற இடம் அது.

“பொடிய எடுத்து வைங்க தம்பி,” என்றாள். “கையை எடுத்தாத்தான அடங்கும்?”