மேசைக்கு மேலே கரடி

ஷூட்டிங் முடிந்தும் விளக்குகள் அணையவில்லை. கரடிப் பொம்மையை ஆட்டுகிறவள் மேசைக்கு அடியில் சக்கரப் பலகையில் மல்லாந்து கிடக்கிறாள். மேசையில் வெட்டிய துளை வழியே தூக்கிய வலது கை கரடியின் தலைக்குள் வெந்துகொண்டிருக்கிறது. முகத்துக்குப் பக்கத்தில் வைத்த சின்னத் திரையில் கரடியும் டைரக்டரின் வழுக்கையும் தெரிகின்றன. இங்கே எல்லோரும் கரடியிடம்தான் பேசுவார்கள். கை வலிக்கிறதா என்றுகூட அதைத்தான் கேட்பார்கள். டைரக்டர் கரடியிடம் குனிகிறார். "தங்கம், அடுத்த வாரத்துலேர்ந்து உனக்கு வேற கை. அக்காவுக்கு வயசாச்சு, பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும். என்னடா சொல்றே?" யார் பேசினாலும் கரடி தலையாட்ட வேண்டும்; இந்தத் தொழிலில் அவள் கற்ற முதல் பாடம் அது. அவள் நினைப்பதற்கு முன்பே கை ஆட்டிவிடுகிறது. சுற்றிலும் சிரிப்பு. பாழாய்ப்போன கை. அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வருகிறது. கரடிக்குள்ளேயே விரல்களை இறுக்கி மடக்குகிறாள். திரையில் கரடியின் முகம் மூக்கோடு சேர்ந்து உள்ளே சுருங்குகிறது. சிரிப்பு நிற்கிறது. டைரக்டர் இன்னும் கொஞ்சம் குனிகிறார். "என்னடா செல்லம், கோவமா?" இன்னும் ஒரு முழம் குனிந்தால் அவள் முகம் தெரியும். அவர் கரடியின் கன்னத்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்துகொள்கிறார்.