பதில் தெரியாத பேய்

செத்துப்போன ஞானசேகரின் போன் பதிவுகளிலிருந்து கற்று, காதில் விழுவதையும் சேர்த்துக்கொண்டு, அவன் குரலிலும் குணத்திலும் பேசும் பெட்டி ஒன்று, இரண்டு வருடங்களாக அவன் மனைவி வசுமதியின் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. மகள் ஆதிரைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தருவதும் அதுதான். ஆடி வெள்ளியன்று காலையில் ஆதிரை திடீரென்று அப்பாவின் குரலில் அழ ஆரம்பித்தாள்.

“வசு, நான் வந்துட்டேன். அந்தப் பெட்டில இருக்குறது யாரு?”

வசுமதி பூசாரியை வரவழைத்தாள். அவர் வேப்பிலைக் கொத்தை ஓங்கினார். “நீ ஞானசேகர்னா கல்யாணத் தேதியச் சொல்லு.”

“தெரியலையே சாமி. செத்தா எல்லாம் மறந்துபோகுது. வீட்டுக்கு வர்ற வழிதான் ஞாபகம் இருந்துச்சு.”

பெட்டி தேதியைச் சொன்னது. கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதையும் சொன்னது.

“அப்ப இது ஏதோ ஊர் சுத்துற பேய்,” என்றார் பூசாரி.

“நல்லா அடிங்க சாமி,” என்றது பெட்டி. “எம் புள்ளையப் புடிச்சிருக்கு.”

வசுமதியே கொத்தைப் பிடுங்கி விளாசினாள். மகளின் தோள் வரிவரியாகச் சிவந்தது.

“போதும் பீர்க்கம்பூ, புள்ளைக்கு வலிக்கும். நான் போயிடறேன்.”

ஆதிரை சரிந்து விழுந்தாள். வசுமதியின் கை அப்படியே நின்றது. விளக்கை அணைத்த பிறகு அவள் காதோடு மட்டும் அவன் சொன்ன பெயர் அது. எந்தப் போனிலும் பதிவாகாதது. பெட்டி ஒருமுறைகூட அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

பெட்டியின் பக்கம் திரும்பிக் கேட்டாள்: “தனியா இருக்கப்ப என்னை எப்படிக் கூப்பிடுவீங்க?”

“இதென்ன கேள்வி?” பெட்டி ஆசையாகச் சிரித்தது. “பீர்க்கம்பூனுதான்.”