மூன்றாவது பாட்டின் விசில்

சொல்லிவிடலாமா? சொன்னால் கணவன், கொழுந்தன் இரண்டு பேருமே வாயடைத்துப் போவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அண்ணனும் தம்பியும் உயிரையே விடும் ராக் குழுவின் கிழவர்கள், யாரோ எழுதிய பழைய ப்ளூஸ் சோகப் பாட்டுகளாகவே பாடி ஆல்பம் போட்டதிலிருந்து வீட்டில் ஓயாத சண்டை. இதில் தோற்பவர் அந்தக் குழுவின் ரசிகர் மன்றத் தலைவர் பதவிக்கு நிற்கக் கூடாது என்று வேறு பேச்சு.

“மூணாவது பாட்டுல பாடகர் பாடுற ஒவ்வொரு ‘ஸ்’ஸுக்கும் காத்து விசிலா கசியுது பாரு. அம்பது வருஷ வலிடா அது,” என்றான் கணவன்.

“வலியாவது ஒண்ணாவது. வயசாயிடுச்சு, மூச்சைப் பிடிக்க முடியலை. அடுத்தவன் பாட்டை வச்சு ஒப்பேத்துறாரு,” என்ற கொழுந்தன் அவள் பக்கம் திரும்பினான். “அண்ணி, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. வலியா, வயசா?”

இரண்டும் இல்லை. பாடகரின் பல்செட் உடைந்துபோய், புதியது வர நான்கு நாளாகும் என்று தன் கிளினிக்கில் அவள்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். “நாளைக்கே மூணாவது பாட்டு ரெக்கார்டிங் டாக்டரம்மா. பொக்கை வாயோடவே பாடிடறேன். வெளிய மட்டும் சொல்லிடாதீங்க,” என்று கெஞ்சிவிட்டுப் போயிருந்தார்.

கணவன் கண் கலங்க அதே பாட்டை மறுபடியும் போட்டான்.

“இந்த விஷயத்துல நான் வாயைத் திறக்கிறதா இல்லைங்க,” என்றாள் பல் டாக்டர்.