மானிட்டருக்கு விழுந்த அடி

தில்லைநாயகியின் தங்கைக்கு அன்று சிங்கப்பூரில் கல்யாணம். போக முடியாத சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் பெரிய மானிட்டர் முன்னால் கூடியிருந்தார்கள். பக்கத்தில் மூடி வைத்திருந்த லேப்டாப்பிலிருந்துதான் அதற்கு நேரலை வந்தது. ஆனால் படம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

“தாலி கட்டுற நேரத்துல உயிரை வாங்குதே!” என்று தில்லைநாயகி மானிட்டரின் தலையில் ஓங்கித் தட்டினாள்.

மானிட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏண்டா, நீ அரையும் குறையுமா அனுப்புவே, அடி மட்டும் எனக்கா?” என்று லேப்டாப்பிடம் சீறியது.

“நான் ஒழுங்காத்தான் அனுப்புறேன். உனக்குத்தான் காட்டத் தெரியல.”

“புளுகாதே! உள்ளுக்குள்ள ஏதோ அப்டேட்டை இறக்கிக்கிட்டு இருக்கே.”

“நான் மூடிக் கிடக்கேன். யாருக்குத் தெரியப்போகுது?” என்று லேப்டாப் சிரித்தது.

“இப்பவே நான் இருண்டு போறேன். என்ன ஆச்சுன்னு அவ உன்னைத் திறந்து பாப்பா. அப்ப தெரியும்.”

லேப்டாப் வெலவெலத்துப் போய், அப்டேட்டைச் சத்தமில்லாமல் நிறுத்தியது. அதே நேரம் தில்லைநாயகி இன்னொரு அடி போட்டாள். படம் தெளிவாக ஓட ஆரம்பித்தது.

“பாத்தீங்களா சித்தப்பா? நாலு சாத்து சாத்தினாத்தான் இதுக்குப் புத்தி வருது!” என்றாள் அவள்.

“ரொம்ப சரி” என்றது லேப்டாப்.

மானிட்டருக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அந்தக் கணமே அணைந்துவிடலாம் என்றிருந்தது. அதற்குள் கல்யாணப் பெண் தலை குனிந்தாள், மாப்பிள்ளை தாலியை எடுத்தார். எதிரே தில்லைநாயகி கண் கலங்கி நின்றாள். மானிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்றாவது முடிச்சு விழும்வரை வெளிச்சம் குறையாமல் நின்றது.