மூன்று எண்ணும்வரை

மாரியாயி எலக்ட்ரானிக் சிப்பு ஒன்றைச் சோதனைக் கருவியில் வைத்து, கரண்ட் பொத்தானை அழுத்தினாள். டெஸ்ட் பொத்தானை உடனே தொடாமல், கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஏதோ முணுமுணுத்தாள். பிறகுதான் அழுத்தினாள். சிப்பு நல்லது என்று பச்சை விளக்கு எரிந்தது.

"பாருங்க பாஸ், சிப்புக்கு மந்திரம் ஓதுது," என்றார் இஞ்சினியர் கார்த்திகேசு. "ஃபேக்டரியா, கோயிலா இது?"

மலேசியாவின் சுங்கைவே தொழிற்சாலையில் மேனேஜரான ஜெயராஜ் கையிலிருந்த கணக்கைப் பார்த்தார். மற்ற மேசைகளில் நூற்றுக்கு நாற்பது சிப்பு கழிபட்டன. மாரியாயி மேசையில் இரண்டே இரண்டு. கெட்டதையெல்லாம் நல்லதென்று தள்ளிவிடுகிறாள் என்று கார்த்திகேசு முடிவுகட்டிவிட்டார். அவளை வேலையை விட்டு நீக்கும் கடிதம் அவர் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

ரப்பர் தோட்டத்தில் பிறந்து ஆறாம் வகுப்போடு நின்றவள். இந்த ஜென்மங்களுக்கு விளக்கம் சொல்வதே வீண் என்பது அவர் எண்ணம். டெஸ்ட் செய்யும் முறை பற்றித் தலைமையகத்திலிருந்து வந்த ஆங்கிலக் குறிப்பைக்கூட, இதுகளா படிக்கப்போகிறது என்று கடகடவென்று கையெழுத்துப் போட்டு, மேசைக்கு ஒன்றாக ஒட்டச் சொல்லிவிட்டார்.

"தள்ளு."

அவள் நல்லதென்று வைத்த தட்டிலிருந்து கார்த்திகேசு ஐந்து சிப்பு எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்தினார். மற்ற பெண்களுக்கும் அந்த வேகத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மூன்றுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சாமி கைவிட்டிருச்சுலா!" சிரித்துக்கொண்டே கடிதத்தை நீட்டினார்.

மாரியாயி கடிதத்தை வாங்கவில்லை.

"இந்த வேலை போனா எங்க வீட்டுல அடுப்பு எரியாது சார்," என்றாள் ஜெயராஜிடம். "அதே மூனையும் நான் ஒரு தடவை போட்டுக் காட்டவா?"

அவர் தலையசைத்தார். மறுபடியும் கண்ணை மூடினாள், முணுமுணுத்தாள், அழுத்தினாள். மூன்றுக்கும் பச்சை.

"அப்படி என்னம்மா சொல்றே?" என்றார் ஜெயராஜ்.

"ஒன்னு, ரெண்டு, மூனுன்னு எண்ணுறேன் சார். கரண்ட் ஏறின உடனே சிப்பு ஒரு நிலையில நிக்காது, தாறுமாறாக் காட்டும். அது நிதானத்துக்கு வந்த பிறகுதான் டெஸ்ட் பண்ணனும்."

"ஓ, மேடம் இஞ்சினியரா?" கார்த்திகேசு கைகொட்டினார். "எந்த யூனிவர்சிட்டில சொல்லிக்கொடுத்தாங்க?"

மாரியாயி மேசையில் ஒட்டியிருந்த தாளில், நான்காவது வரியில் விரலை வைத்தாள். ஜெயராஜ் குனிந்து படித்தார். தாளின் அடியையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கார்த்திகேசுவைப் பார்த்தார்.

"எனக்கு இங்கிலீஷ் வராது சார். டிக்‌ஷனரி வச்சு ஒவ்வொரு சொல்லாப் படிச்சேன்," என்றாள் மாரியாயி. "கையெழுத்துப் போட்டவங்க படிக்கலையா?"