பூட்டு சிக்கிக்கிச்சு

“சுடுங்க சார்! சுடுங்க! உடாதீங்க!”

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் வேர்க்கடலை மண்டி சக்கரபாணி.

மகள் கல்யாணத்துக்காக விழுப்புரத்தில் வாங்கிய நகை. பஸ்ஸின் முன்படியில் இறங்கிய அடுத்த நொடி, மஞ்சள் பையோடு பிடுங்கிக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கமாக ஓடினான் ஒருவன். கையில் சூரிக்கத்தி. தடுத்த கண்டக்டரின் கையைக் கீறிவிட்டு ஓடுகிறான்.

அங்கே காவலுக்கு நின்ற சப்-இன்ஸ்பெக்டர் பாண்டுரங்கன் துப்பாக்கியை நீட்டிவிட்டார். பத்தடி தூரம்தான் இருக்கும்.

“நில்லுடா!”

திருடன் திரும்பிப் பார்த்தான். ஒரு நொடி நின்றான்கூட.

துப்பாக்கி வெடிக்கவில்லை.

அவன் பக்கத்து பஸ்ஸுக்கு அடியில் புகுந்து மறைந்தான். ரயில்வே கேட் வரைக்கும் துரத்திப்போன எஸ்.ஐ. வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“ஏன் சார் சுடல? கையில இன்னா, தீவாளித் துப்பாக்கியா?” சக்கரபாணிக்கு மூச்சு வாங்கியது.

பாண்டுரங்கன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“பூட்டு சிக்கிக்கிச்சுங்க.”

“பூட்டா?”

“துப்பாக்கி தானா வெடிச்சிடக் கூடாதுன்னு ஒரு பூட்டு இருக்குங்க. அதை எடுக்கறதுக்குள்ள ஓடிட்டான். என் தப்புதான்.”

கூட்டத்தில் ஒருவன் விடவில்லை.

“ஊருக்குப் போனா வீட்டைப் பூட்டிட்டுப் போங்கன்னு நமக்குச் சொல்றாங்க. இவரு துப்பாக்கியையே பூட்டிக்கினு வந்துட்டாருபா!”

பஸ் ஸ்டாண்டே சிரித்தது.

மறுநாள் டீக்கடையில் அதே பேச்சு.

“போலீஸு துப்பாக்கிக்கு எதுக்குய்யா பூட்டு? ஆபத்து வந்தா திருடன்கிட்ட ‘செத்த இருப்பா, பூட்டைத் தொறந்துக்கறேன்’னு சொல்றதா?”

“அப்படிச் சொல்லாதே,” என்றார் சவுரிராயன். பட்டாளத்தில் இருந்து வந்தவர். “எழுபத்தொண்ணு சண்டையில எங்க ஆபீசர் இடுப்புல இருந்ததுக்குப் பூட்டு இருந்துது. இல்லன்னா ஜீப்பு குலுங்கற குலுங்கலுக்கு அவரு தொடையிலயே வெடிச்சிருக்கும்.”

“வெடிக்கட்டுமே! என் பொண்ணு நகை போச்சே, அதுக்கு இன்னா பதில்?” என்றார் சக்கரபாணி.



‘பூட்டு எஸ்.ஐ.’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பாண்டுரங்கன் சைக்கிளில் போனால், சாவியைத் திருப்புவதுபோலக் கையைத் திருகிக் காட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

“உட்டுடுப்பா. பாவம் அந்த சாரு,” என்றாள் சக்கரபாணியின் மகள் தையல்நாயகி. “அந்தப் பாத்திரக் கூடையைத் தூக்கிக்கினு நான் பஸ்ஸவுட்டு எறங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு. திரும்பிப் பார்த்தா, கேட் பக்கம் மனுசன் உயிரைக் கையில புடிச்சிக்கினு ஓடறாரு.”

“நீ கம்முனு கெட. போனது உன் நகைடி! கையாலாகாதவனுக்கு எதுக்குக் காக்கிச் சட்டை?”

விழுப்புரத்துக்கே போனார் சக்கரபாணி. பெரிய அதிகாரியின் மேசைமேல் மனுவை வைத்தார். பாண்டுரங்கனை வேலையைவிட்டு எடுக்க வேண்டும். போலீஸ் துப்பாக்கிகளில் இருக்கும் பூட்டை அரசாங்கம் உடனே எடுக்க வேண்டும்.

படித்துவிட்டு அதிகாரி தன் இடுப்பிலிருந்த துப்பாக்கியை எடுத்தார். குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். வெறும் துப்பாக்கியைச் சக்கரபாணி கையில் கொடுத்தார்.

“பூட்டு எங்க இருக்கு, காட்டுங்க.”

சக்கரபாணி அப்படியும் இப்படியும் திருப்பினார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“தெரியலீங்களே ஐயா.”

“இருந்தாத்தானே தெரியும்? இது ரிவால்வர். பாண்டுரங்கன்கிட்ட இருந்ததும் இதே சாமான்தான். இதுக்குப் பூட்டே கிடையாது. விசையை அழுத்தினா வெடிக்கும். அவ்வளவுதான்.”

சக்கரபாணிக்கு ரத்தம் கொதித்தது. “அப்ப பொய் சொல்லிக்கீறான்! பயந்துக்கினு சுடாம உட்டுட்டு, ஊரை ஏமாத்திக்கீறான்!”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். எங்கிட்டயே பூட்டுன்னு சாதிச்சாரு மனுஷன்! அப்புறம், சட்டையைக் கழட்டிடுவேன்னு சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார்.”

“இன்னான்னு?”

“திருடனுக்கு நேர் பின்னால, பஸ்ஸோட பின்படியில ஒரு பொண்ணு. பாத்திரக் கூடையை வெச்சிக்கிட்டு, முதுகைக் காட்டி இறங்கிட்டிருந்துதாம். குண்டு ஒரு விரக்கடை தப்பியிருந்தா அதுமேலதான்.”

சக்கரபாணி துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

“அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா” என்றார்.

“நானும் அதைத்தான் கேட்டேன்.” மனுவை அவர் பக்கமாகத் தள்ளினார் அதிகாரி. “‘என்னைப் பார்த்து ஊரு சிரிச்சிட்டுப் போவட்டுங்க ஐயா. அந்தப் பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். நகைக்காகப் பெத்த அப்பனே நம்ம பக்கமாச் சுடச் சொன்னாருன்னு நெனைச்சிக்கினு அது புருசன் வீட்டுக்குப் போவக் கூடாது’ன்னாரு.”