இன்னாசியா என்ற பேரினம்

வயிற்றைக் கீறினாள்.

உள்ளே முட்டைகள். கசகசாவைப் போல.

இரண்டாவது மீனைக் கீறினாள். முட்டைகள்.

மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது.

ஆறாவதையும் கீறினாள். அதிலும் முட்டைகள்.

ஏழாவதைத் தொடவில்லை. அது பெயரைத் தாங்கும் மீன். ஒரு புதிய பெயர் எந்த மீனை வைத்து முதலில் எழுதப்பட்டதோ, அந்த மீனைக் கீறும் வழக்கம் இல்லை.

இனிக் கீற வேண்டிய தேவையும் இல்லை.

அமேசானின் கிளையாறு ஒன்றில், பதினொரு வருடங்களுக்கு முன்பு அவள் கணவன் இன்னாசி வலை வீசிப் பிடித்த மீன்கள். விரல் நீளம். பிடித்த மூன்றாம் நாள் படகிலேயே அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரி இருந்த ஊருக்கு இரண்டு நாள் பயணம். ஒன்றரை நாள்தான் அவன் தாங்கினான்.

மீன்களோடு அவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள்.

துடுப்பு முட்களை எண்ணினாள். செதில்களை எண்ணினாள். பற்களை எண்ணினாள். எக்ஸ்ரே எடுத்தாள். தெரிந்த எந்தப் பேரினத்திலும் அவை அடங்கவில்லை. புதிதாக ஒன்றை நிறுவினாள்.

இன்னாசியா.

அப்போது ஒன்றைக்கூடக் கீறவில்லை. ஏழே ஏழு. அவன் கையால் பிடித்தவை. முழுதாக இருக்கட்டும் என்று நினைத்தாள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். முட்டை தெரியாது.

போன மாதம் அவளுடைய குழு அதே கிளையாற்றில் வலை போட்டது. ஒரே இழுப்பில் இரண்டு வகை மீன்கள் வந்தன. ஒன்று இன்னாசியா. மற்றொன்றுக்கு முதுகில் பாய்மரம் போல நீண்ட துடுப்பு. அதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே வேறொருவர் பெயர் வைத்திருந்தார். மரபணுவை அவளே சோதித்தாள். இரண்டும் ஒன்றே என்று வந்தது.

நூறு வருடங்களுக்கு முந்தைய அந்த மீன்கள் எல்லாமே ஆண்.

அவளுடைய ஜாடியில் இருந்தவை எல்லாமே பெண்.

பழைய பெயரே நிற்கும். அதுதான் விதி. புதிய பெயர் அதன் கீழே, சிறிய எழுத்தில்.

அலமாரியின் சாவி அவளிடம் இருந்தது. சோதனை முடிவும் அவளிடம் மட்டுமே இருந்தது. ஜாடியின் மூடியைத் திருகி, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் போதும்.

உட்கார்ந்து திருத்தம் எழுதினாள். நான்கு பத்திகள். தவறு செய்தவர் என்று வரும் இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

அனுப்புவதற்கு முன் இன்னாசியின் ஊரான மணப்பாட்டுக்கு போன் செய்தாள். இங்கே அமேசான் கரையில் காலை எட்டு மணி. அங்கே சாயங்காலம்.

இன்னாசியின் அம்மா பிலோமி எடுத்தாள். அந்த மரச்சீனிக் கிழங்கு மாவைத்தான் இன்னும் தின்கிறாயா என்று கேட்டாள். இடுப்பு வலியைச் சொன்னாள். புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியாரிடமும் சொல்லியாகிவிட்டதாம், தன் மகன் பெயரில் அமேசானில் மீன் ஓடுகிறது என்று. அவர் நம்பவில்லையாம். கல்லறைக்கே கூட்டிப்போய், கல்லில் வெட்டியிருந்த மீனின் பெயரை வாசிக்க வைத்தாளாம்.

இவள் சொல்லிவிட்டாள். ஆண், பெண், பழைய பெயர், விதி.

பிலோமி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் எதிர்பார்க்கவில்லை.

“ஏ பிள்ள, ஆணா பொண்ணான்னு பாக்காமலா பேரு வச்சிய? நாலு மீனு அறுக்கிற பொம்பளகிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பாள்லா.”

பிறகு சிரிப்பு நின்றது.



அந்தப் பெயரை இனி யாருக்கு வைப்பார்கள் என்று பிலோமி கேட்டாள். எந்த மீனுக்கும் வைக்க மாட்டார்கள் என்றாள் அவள். ஒரு மீனுக்கு வைத்து விலக்கிய பெயரை, வேறு எந்த விலங்கின் பேரினத்துக்கும் வைக்க முடியாது. பட்டியலில் அப்படியே கிடக்கும்.



“செசிலி மவனுக்கு ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம். அண்ணன் இன்னாசி பேர வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நான்தான் வேண்டாம்னுட்டேன். அவன் இன்னும் அந்தப் பேர்ல நீந்திக்கிட்டு கெடக்கான்னு நெனச்சேன், பிள்ள.”



பிலோமி போனைக் கீழே வைக்கும் ஓசை. கொலுசு. செசிலி மகனின் சிணுங்கல்.

குழந்தையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட பிலோமி வாயெடுத்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது.

இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.